கரை ஒதுங்கிய கடலாமையைப் பதிவுசெய்வது எப்படி: காசிமேடு முதல் எண்ணூர் வரை நடக்க வருபவர்களுக்கு

டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட நம் கரையை நோக்கி வருகின்றன. செத்த ஆமைகள் அதிகம் ஒதுங்குவதும் அதே மாதங்களில்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எத்தனை, எங்கே, எப்போது, எதனால் என்று எல்லோரும் கேட்டார்கள். முதல் மூன்று கேள்விக்குப் பதில் கரையில் நடந்து எழுதி வைத்தவர்களிடம்தான் இருக்கும். நான்காவது கேள்விக்குக் கால்நடை மருத்துவர் பதில் சொல்ல வேண்டும். அவர் கைக்கு ஆமை அழுகாமல் போய்ச் சேர்வதும் அதே ஆட்களைப் பொறுத்துதான்.

நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் 1970களிலிருந்தே ஆமை நடை நடக்கிறது. அங்கே பரந்த மணல், ஆளும் அதிகம். வடக்கே நிலைமை வேறு. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகம் மறித்துவிட்டதால் மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இப்போது மணல் துண்டு துண்டாக இருக்கிறது. ஆமைகள் பெரும்பாலும் கல்லிடுக்கில் சிக்கிக் கிடக்கின்றன. சாலையில் போகிறவர் கண்ணுக்கு அவை படுவதில்லை. வேறு இடத்துக்கு எழுதிய நடைமுறையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

முதலில் அனுமதி

கடலாமைகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த ஆமைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஓடு, மண்டை ஓடு, துடுப்பு எதுவானாலும் வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். படிப்புக்காக என்று சொன்னாலும் குற்றம்தான். எனவே தொட்டு அளப்பதற்கு முன் கிண்டியிலுள்ள சென்னை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள், அல்லது ஏற்கெனவே அனுமதியோடு இயங்கும் அமைப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் போவதானால் அது திருவள்ளூர் மாவட்டம். அந்தப் பகுதி வனச்சரகர் யார் என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை தொடாமல் படம் எடுக்கலாம், இடம் குறிக்கலாம், வனத்துறைக்குச் சொல்லலாம். அதுவே பாதி வேலை.

அடுத்தது குப்பத்து அனுமதி. இதற்குக் காகிதம் கிடையாது, ஆனால் இது இல்லாமல் வேலை நடக்காது. நீங்கள் நடக்கப்போகும் ஒவ்வொரு குப்பத்திலும் ஊர் நிர்வாகிகளைப் பார்த்து யார், எதற்கு, வாரத்தில் எந்த நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் இருப்பவர்கள் 2017 ஜனவரியில் கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் கையால் அள்ளியவர்கள். கேமராவோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். "இதை யார் கொன்றது?" என்று தொடங்கினால் பேச்சு அத்தோடு முடிந்தது. "அண்ணா, ரெண்டு நாளா ஆமை எதுனா ஒதுங்குச்சாண்ணா?" என்று கேளுங்கள், எந்தக் கல்லில் கிடக்கிறது என்று அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். வலையில் விழுந்த ஆமையை அறுத்துவிட்ட விவரமும் அப்படித்தான் வரும். படகு எண்ணையோ ஆள் பெயரையோ எழுதாதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு ஜோடிக்கு: 150 செ.மீ. தையல் டேப் ஒன்று, பிளாஸ்டிக் பூசிய கண்ணாடியிழை வகையாகப் பார்த்து வாங்கவும். துணி டேப் ஈரத்தில் நீளும். எந்த டேப்பானாலும் பருவத் தொடக்கத்தில் இரும்பு டேப்போடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், 150 செ.மீ.க்கு ஒரு செ.மீ. தவறினாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 15 செ.மீ. அளவுகோல், படத்தில் அளவு தெரிய. பென்சிலும் அட்டை வைத்த குறிப்பேடும். ஜெல் பேனா உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். நைட்ரைல் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, முகக்கவசம், சோப்பு, இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். ஒரு கோணிப்பை. வலை அறுக்க முனை மழுங்கிய கத்தரி. அடையாளம் போட ஸ்ப்ரே பெயின்ட், வெள்ளை அல்லது ஆரஞ்சு.

காலுக்கு ரப்பர் செருப்பு கூடவே கூடாது. பாசி பிடித்த கல்லில் அது வழுக்கும், உடைந்த பாட்டிலையும் தூண்டில் முள்ளையும் தாங்காது. பிடிப்புள்ள, கணுக்காலை மூடும் ஷூதான் வேண்டும்.

எப்போது, எவ்வளவு தூரம்

விடிந்தவுடன் கிளம்புங்கள். நாயும் காக்கையும் வேலையை ஆரம்பிக்கும் முன், வெயிலில் உடல் ஊதும் முன் பார்த்துவிட வேண்டும். நீர் வற்றும் நேரத்தோடு விடியல் சேர்ந்து வந்தால் மிக நல்லது. இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனத்தின் தளத்தில் சென்னைக்கான ஓதநேரம் கிடைக்கும். அதே தளத்தில் பேரலை எச்சரிக்கையும் வரும். எச்சரிக்கை இருக்கும் நாளில் கல்பக்கம் போகக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் தொலைகடலில் பிறந்த அலை வந்து கல்லின் மேல் அடித்து ஆளை இழுத்துவிடும்.

கல்லில் இறங்குவது எப்போதும் ஒருவர் மட்டும். மற்றவர் மேலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கான்கிரீட் கட்டைகளுக்கு இடையில் ஆமை விழுந்திருந்தால் இறங்கவே வேண்டாம். மேலிருந்து படம் எடுத்து, "அளக்க முடியவில்லை" என்று எழுதினால் போதும்.

ஒரு ஜோடிக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அதற்கு மேல் வைத்தால் கடைசிப் பகுதியை அவசரமாகப் பார்ப்பீர்கள். தொடக்கமும் முடிவும் மாறாத அடையாளங்களாக இருக்கட்டும்: இந்தத் தூண்டில் வளைவு, அந்த மீன் இறங்குதளம் என்று. வாரத்துக்கு இரண்டு நாள், எப்போதும் அதே நாட்கள். ஆமை ஒதுங்கிய செய்தி கேட்டு ஓடுவது வேறு, கண்காணிப்பு வேறு. செய்தி வந்த நாளில் மட்டும் போனால் ஆமை கூடியதா, ஆள் கூடியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதனால்தான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, ஒன்றும் இல்லாத நாளில் எழுதாமல் வீட்டுக்குப் போவது. "ஜனவரி 8, காலை 6.20 முதல் 8.10, இரண்டு பேர், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை, ஆமை இல்லை" என்ற வரி, பத்து ஆமை பார்த்த வரிக்குச் சமமான மதிப்புள்ளது. பூஜ்யங்கள் இல்லாத பட்டியலை வைத்து எந்த ஆய்வாளரும் கணக்குப் போட முடியாது.

ஆமையைக் கண்டால்: முதல் இரண்டு நிமிடம்

நெருங்காமல் நின்று பாருங்கள். உயிர் இருக்கிறதா? மூழ்கித் திணறிய ஆமை மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும், மூச்சும் தெரியாது. கண்ணோரத்தை விரலால் மெல்லத் தொடுங்கள், வாலை லேசாகக் கிள்ளுங்கள். சிறு சுருக்கம் தெரிந்தாலும் உயிர் இருக்கிறது.

உயிர் இருந்தால் கடலில் தள்ளாதீர்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது "தண்ணியில விட்ருங்க" என்றுதான். நல்ல மனதோடு சொல்கிறார்கள், ஆனால் மயங்கிய ஆமை தண்ணீரில் தலை தூக்க முடியாமல் மூழ்கிச் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள். பின்பகுதிக்கு அடியில் மணலை மேடாக்கிக் குறைந்தது 15 செ.மீ. உயர்த்துங்கள், நுரையீரலில் போன தண்ணீர் வடியும். நிழல் கொடுங்கள். ஈரக் கோணியை ஓட்டின் மேல் போடுங்கள், மூக்கை மூடக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிய 4 மணி நேரம் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். தூக்க வேண்டியிருந்தால் இருவர், கழுத்துக்குப் பின்னால் ஓட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்து. துடுப்பைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு கழன்றுவிடும்.

வலை சுற்றியிருந்தால் இழுக்காமல் அறுங்கள். வாயிலிருந்து தங்கூசி நரம்பு தொங்கினால் அதைத் தொடாதீர்கள். உள்ளே முள் இருக்கும், இழுத்தால் குடல் கிழியும், குட்டையாக வெட்டினால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. எண்ணெய் அப்பியிருந்தால் சோப்போ மண்ணெண்ணெயோ போட்டுக் கழுவ வேண்டாம். நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

செத்திருந்தால் எந்த நிலை?

இதற்கு உலகெங்கும் பழக்கத்தில் உள்ள எண்களையே எழுதுங்கள். 0 உயிரோடு. 1 புதிதாகச் செத்தது: நாற்றம் இல்லை, கண் தெளிவு, தோல் முழுசு. 2 ஓரளவு அழுகியது: ஊதல், நாற்றம், தோல் உரியத் தொடங்கியது, உறுப்புகள் முழுதாக உள்ளன. 3 மிக அழுகியது: ஓட்டின் தகடுகள் கழல்கின்றன, உறுப்புகள் சிதைந்தன. 4 காய்ந்த உடல். 5 எலும்பு மட்டும்.

1 என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். உடற்கூறாய்வில் தெளிவாக ஏதாவது சொல்ல முடிவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். சென்னை வெயிலில் சில மணி நேரத்திலேயே அது 2 ஆகிவிடும். நிழலுக்கு நகர்த்தி ஈரக் கோணி போட்டு மூடி வையுங்கள்.

எந்த இனம்

பெரும்பாலும் பங்குனி ஆமையாகத்தான் இருக்கும், ஆனாலும் எண்ணிப் பாருங்கள். ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகள் ஆறிலிருந்து ஒன்பது வரை இருந்தால், இடமும் வலமும் எண்ணிக்கை பொருந்தாமல் இருந்தால், அது பங்குனி ஆமை. நான்கு ஜோடி மட்டும் இருந்தால் பேராமை அல்லது அழுங்காமை: இரு கண்ணுக்கும் நடுவில் ஒரு ஜோடிச் செதில் என்றால் பேராமை, இரண்டு ஜோடியும் பருந்து போன்ற மூக்கும் என்றால் அழுங்காமை. தகடே இல்லாமல் தோல் போர்த்தி நீளவாக்கில் ஏழு வரி இருந்தால் ஏழுவரி ஆமை. அது கிடைத்தால் உடனே தெரிவிக்க வேண்டும், நம் கரையில் அரிது. தகடு கழன்று எண்ண முடியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயர் பட்டியல் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

அளப்பது

ஓட்டின் நீளம்: கழுத்துக்கு நேர் மேலே, ஓடு தொடங்கும் நடுப்புள்ளியில் டேப்பை வைத்து, வளைவோடு ஒட்டினாற்போல் நடுக்கோட்டில் கொண்டுபோய், பின்னால் மிக நீண்ட முனையில் முடிக்கவும். அகலம்: மிக அகன்ற இடத்தில், வளைவோடு, விளிம்பிலிருந்து விளிம்பு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள், அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. நடுக்கோட்டில் கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற உயிரி) ஒட்டியிருந்தால் டேப் தூக்கிக்கொண்டு நீளம் கூடிவிடும். சுரண்டிவிட்டு அளக்கவும், முடியாவிட்டால் குறிப்பு எழுதவும். பின்முனை உடைந்திருந்தால் அளவோடு "உடைந்தது" என்று சேர்க்க வேண்டும். வளர்ந்த பங்குனி ஆமை சுமார் 60 முதல் 75 செ.மீ. இருக்கும். 90 என்று வந்தால் டேப்பைத் தலைகீழாகப் படித்தீர்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இனத்தை மறுபடி பாருங்கள்.

ஆணா பெண்ணா: வால் ஓட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால் வளர்ந்த ஆண். முன்துடுப்பின் நகமும் பெரிதாக வளைந்திருக்கும். வால் குட்டையாக இருந்து நீளம் 60 செ.மீ.க்கு மேல் என்றால் பெண். அதற்குக் கீழே என்றால் வயது வராத ஆணாகவும் இருக்கலாம், "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். நாய் வாலைத் தின்றிருந்தாலும் அப்படியே.

காயம்: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். "இழுவைப் படகில் மாட்டிச் செத்தது" என்று குறிப்பேட்டில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அதை நீங்கள் பார்க்கவில்லை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தால் மூழ்கிச் செத்திருக்கலாம். ஆனால் அழுகும்போது ஊறும் வாயுவாலும் கண் பிதுங்கும். நிலை 1இல் மூக்கில் நுரை இருந்தால் அது முக்கியமான குறிப்பு, படம் எடுங்கள். நுரையீரலைத் திறந்து பார்த்துச் சொல்வது மருத்துவர் வேலை. நீங்கள் எழுத வேண்டியது: "வெளிக்காயம் இல்லை. இரு கண்ணும் பிதுக்கம். மூக்கில் வெண்ணுரை. நிலை 1." இப்படி எழுதினால் நாளை தீர்ப்பாயத்தில் நிற்கும். முடிவைச் சேர்த்து எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார், அதோடு உங்கள் மற்ற வரிகளும் போகும்.

படகு விசிறியின் வெட்டு நேராகவும், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாகவும், ஓடு பிளந்த ஓரம் கூராகவும் இருக்கும். நாய்க்கடி துடுப்பிலும் கழுத்திலும் பிய்த்த ஓரத்தோடு இருக்கும், பெரும்பாலும் செத்த பிறகு வந்தது. துடுப்பைச் சுற்றிக் கோடு பதிந்திருந்தால் கயிறோ வலையோ இறுகியிருந்த அடையாளம். வலைத்துண்டு மிச்சமிருந்தால் அறுக்காமல், கண்ணியை இழுத்து நீட்டி முடிச்சிலிருந்து முடிச்சுக்கு மி.மீ.யில் அளந்து, நிறம், நரம்பா நூலா என்று எழுதுங்கள். எந்த வகை வலை என்று அதிலிருந்து பழகிய மீனவர் சொல்லிவிடுவார்.

செத்த இடத்தையும் ஊகிக்க வேண்டாம். செத்த ஆமை முதலில் மூழ்கும், வாயு ஊறியதும் மிதக்கும், பிறகு நீரோட்டமும் காற்றும் இழுத்த பக்கம் போகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், பிப்ரவரிக்குப் பின் வடக்கே திரும்பும். ஜனவரியில் காசிமேட்டில் ஒதுங்கியது பழவேற்காட்டுக் கடலில் செத்ததாக இருக்கலாம். அதனால் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

படமும் இடமும்

ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு எண் கொடுங்கள்: பகுதி எழுத்து, தேதி, அன்றைய வரிசை. அதைச் சீட்டில் எழுதி ஒவ்வொரு படத்திலும் தெரியும்படி வையுங்கள். மேலிருந்து முழு ஆமை, தலை இடப்பக்கம், தலை வலப்பக்கம், வால், ஒவ்வொரு காயமும் அளவுகோலோடு, கடைசியாகப் பின்னால் தூண்டில் வளைவோ கட்டடமோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. உங்கள் நிழல் ஆமை மேல் விழாமல் நில்லுங்கள்.

ஜிபிஎஸ் எண்ணைத் தசமத்தில் ஐந்து இலக்கம்வரை கையால் எழுதுங்கள். நம் பகுதியில் முதல் எண் 13இல் தொடங்கும், இரண்டாவது 80இல். மாற்றி எழுதினால் ஆமை வேறு நாட்டில் போய் நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், படத்தோடு இருந்த இடக்குறிப்பும் அழிந்துவிடும். டாகுமெண்டாக அனுப்புங்கள்.

முடித்ததும் ஓட்டை மணலால் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு ஸ்ப்ரேயில் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். வழுவழுப்பின் மேல் அடித்தால் அடுத்த அலையில் போய்விடும். வடசென்னையில் இந்தக் குறி மிக அவசியம்: ஒரு வளைவில் கிடந்த ஆமையை இரவு அலை எடுத்துப்போய் அடுத்த வளைவில் போடும், குறி இல்லாவிட்டால் இரண்டு குழுவும் ஒரே ஆமையை எண்ணும்.

புதைப்பது

வனத்துறை பார்த்த பிறகுதான். மணல் உள்ள இடத்தில், அலை எட்டாத மேட்டில், ஒன்றரை மீட்டர் ஆழம். அரை மீட்டரில் புதைத்தால் நாய் அன்று இரவே தோண்டிவிடும். 35, 40 கிலோ உடல், கையால் தோண்டி முடியாது. மாநகராட்சியின் பொக்லைனைக் கேட்க வேண்டும். கல் மட்டுமே உள்ள பகுதியில் புதைக்க இடமில்லை, லாரியில்தான் எடுத்துப் போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று பருவம் தொடங்கும் முன்பே மண்டல அலுவலகத்தில் பேசி வையுங்கள். கையுறையைக் கழற்றியதும் சோப்பு போட்டுக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள், டீ குடிக்காதீர்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் ஆமை உடலில் இருக்கும்.

மணல் துண்டுகளில் சில நாள் வேறு காட்சியும் கிடைக்கும்: 70, 80 செ.மீ. அகலத்தில், இடமும் வலமும் மாறி மாறித் துடுப்பு பதிந்த தடம் ஏறி இறங்கியிருக்கும். அங்கே முட்டை இருக்கலாம், நூறுக்கு மேல். தோண்டாதீர்கள், குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். இடத்தைக் குறித்து உடனே வனத்துறைக்குச் சொல்லி, ஆள் வரும்வரை நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவம் எப்போது முடிகிறது

ஏப்ரலோடு நடையை நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி நிறுத்தக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும்; ஃபைபர் படகுகள் மட்டும் போகும். மற்ற மாதங்களில் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவை மடி (விசைப்படகு இழுத்துப்போகும் வலை, ஆமை மாட்டினால் மூழ்கிவிடும்) போடக் கூடாது என்ற விதி மீறப்படுகிறதா என்ற சண்டைக்கு, இந்த 61 நாள் பதிவு பெரிய ஆதாரம். அந்த நாட்களிலும் அதே பகுதியில், அதே கிழமைகளில், அதே நேரம் நடந்து எழுதியிருந்தால்தான் ஏப்ரல் 15க்கு முந்தைய எண்ணோடு பிந்தைய எண்ணை ஒப்பிட முடியும். ஆமைகள் கரையை விட்டுப் போவதாலும் எண் குறையும் என்பதால் ஒரே ஆண்டை வைத்து முடிவுக்கு வர முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளின் பதிவும் வேண்டும். ஜூன் நடுப்பகுதிவரை ஆள் இருப்பதாகப் பட்டியல் போட்டுக்கொண்டு, தடை தொடங்கிய முதல் இரண்டு வாரம் மிதந்து வருவனவற்றை நிலை எண்ணோடு தனியாகக் குறியுங்கள். நிலை 3, 4இல் வருபவை தடைக்கு முன்பே செத்தவையாக இருக்கலாம்.